கடலில் இறங்காத சூரியன்

மாமல்லபுரம் கடற்கரையில் சூரியன் மறைவதைப் படமெடுக்க, கடலைப் பார்த்து ட்ரைபாடை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்த ஆள் நான். வந்து இறங்கிய சாலைக்கே கிழக்குக் கடற்கரைச் சாலை என்றுதான் பெயர். அப்போதும் உறைக்கவில்லை.

கருவாட்டுக் கூடையோடு போன ஒரு அம்மா நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, ரொம்ப நேரமா இங்கயே பாத்துகினு கீற?"

"சூரியன் எறங்குறத எடுக்கணும்மா."

"அது உனுக்குப் பின்னாடி பனமரத்தாண்ட கீது."

திரும்பினேன். அங்கேதான் இருந்தது.

எனக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் மதுராந்தகம் ஏரிதான். கரையில் நின்றால் சூரியன் தண்ணீருக்குள்தான் இறங்கும். அந்தப் பழக்கத்தில் எங்கள் கல்லூரிக் குறும்படத்துக்குக் கதை எழுதிவிட்டேன். "சூரியன் கடல்ல எறங்குறதுக்குள்ள வந்துடு" என்ற வசனம் படத்தில் நான்கு இடங்களில் வரும். எல்லாம் எடுத்து முடித்தாகிவிட்டது. கடைசிக் காட்சி மட்டும்தான் பாக்கி. நாயகன் கடலை நோக்கி நடப்பான், சூரியன் இறங்கும். நடிக்க யாரும் சம்மதிக்காததால் நாயகனும் நானே.

கேமராவும் எடிட்டிங்கும் என் நண்பன். நெம்மேலிக்காரன், கடலோரத்திலேயே வளர்ந்தவன். ஆனால் என் கதையைப் படித்தால் தூக்கம் வருகிறதென்று படிக்கவில்லை. வசனம் காதில் விழுந்தபோது ஏதோ கவிதை என்று நினைத்தானாம். டீக்கடையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு அப்போதுதான் வந்தான். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் அவனுக்கு எடிட்டர் வேலை தயாராக இருந்தது. இந்தப் பருவத் தேர்வில் தேறினால் மட்டும். மறுநாள் மதியத்துக்குள் வாடகைக் கேமராவைச் செங்கல்பட்டில் திருப்பித் தரவேண்டும், அதற்கடுத்த நாள் தேர்வுக்காகப் படத்தைத் திரையிட வேண்டும். எனக்கு அரியர் பழகிப்போன விஷயம். அவனுக்கு வேலை போய்விடும்.

அவன் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பனைமரத்தையும் கடலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"காலையில ஏறுறத எடுப்போம். எடிட்டிங்ல திருப்பிப் போட்டா எறங்கும்."

"நான் நடக்கறது?"

"நீ பின்னாடியே நட. உனுக்கு அது தானா வரும்."

விடியற்காலையில் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, கேமராவை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்தேன். முதல் முறை படகுக் கயிறு தடுக்கி மல்லாந்தேன். இரண்டாம் முறை ஒரு நாயின் மேல் உட்கார்ந்தேன். நாய்தான் முதலில் மன்னித்தது. மூன்றாம் முறை சரியாக வந்தது. அதற்குள் சூரியன் உச்சிக்குப் போகாமல் இருந்ததே பெரிய உபகாரம்.

கல்லூரிக் கணினியில் திருப்பிப் போட்டுப் பார்த்தால் சூரியன் அழகாக இறங்கியது. ஆனால் அலை கரையிலிருந்து எழுந்து கடலுக்கு ஓடியது. ஒரு காகம் வால் பக்கமாகப் பறந்தது. நான் தலையில் கை வைத்தேன். அவன் காட்சியைக் கொஞ்சம் பெரிதாக்கி, கீழே கரை தெரியாமல் வெட்டினான். காகம் வரும் இடத்துக்கு முன்பே நிறுத்தினான். தனியாகப் பதிவு செய்திருந்த அலைச் சத்தத்தை நேராகவே ஓடவிட்டான். காதுக்கு அலை சரியாக வந்ததும் கண்ணும் ஒத்துக்கொண்டது. மூன்று வருடத்தில் நான் எடிட்டிங் கற்றுக்கொண்டது அந்த அரை மணி நேரத்தில்தான்.

திரையிட்ட அன்று, வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கடைசிக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது மேற்குக் கரையா?"

நண்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். "இல்ல சார், மாமல்லபுரம். காலையில எடுத்துத் திருப்பிப் போட்டோம்."

"அப்ப அலை?"

அவன் விளக்கினான். அவர் மறுபடி போடச் சொன்னார், இன்னொரு முறையும் போடச் சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டே எழுதிய மதிப்பெண்ணைத் தலைகீழாகப் படித்தேன். தேறிவிட்டோம்.

வெளியே வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா மச்சான், நான் மட்டும் கதைய ஒழுங்கா எழுதியிருந்தா உனுக்கு இந்தப் பேரு வந்துருக்குமா?"

"மூடிகினு பஸ் ஏறு."