தொட்டிக்குள் இல்லாத மீன்கள்

பேசாலைக்கு அப்பால் காற்றாலைக் கோபுரங்களுக்கு அத்திவாரம் போடுகிற இடத்தில், வேலையாட்களின் தகரக் கொட்டில்களைத் துப்புரவாக வைத்திருப்பது பெற்றிசியாவின் வேலை. கக்கூஸ் கழுவுவாள், குப்பை எரிப்பாள், ஒரு சிரட்டையில்கூட மழைத்தண்ணி தேங்கவிடமாட்டாள். ஆனால் என்ன வேலை என்று யாரும் கேட்டால், "மீன் வளர்க்கிறன்" என்றுதான் சொல்லுவாள். கடல் முழுக்க மீன் கிடக்கிற ஊரில் மீன் வளர்க்கச் சம்பளமா என்று கேட்டவர்கள் சிரிப்பார்கள்.

பவுசர் லொறி ஊற்றிவிட்டுப் போகும் தண்ணீருக்கு ஒரு சீமெந்துத் தொட்டி இருந்தது. நுளம்புப் புழு தின்னும் சின்ன மீன்களை அதில் கொண்டுவந்து விட்டவர் சுகாதாரப் பரிசோதகர். "இதுகள் இருந்தா டெங்கு கிட்ட வராது அக்கா. செத்துப்போனா உடனே எனக்குச் சொல்லோணும்."

மாசியில் சிவராத்திரி வந்தது. சமையல்காரர் அழகையா மலையகத்திலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறியவர். தொட்டியடியில் வந்து தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, மீன் நீந்துற தண்ணியில சாமிக்கு எப்படிம்மா பொங்குறது?"

"அதுகளும் விரதந்தான் அண்ணை. புழு தின்னுற விரதம்."

"வெளையாடாதம்மா."

பெரிய வெள்ளியன்று சட்டிக்குள் ஒரு நெத்தலித் தலை விழுந்தாலே பதறுகிறவள் பெற்றிசியா. அவர் மனம் அவளுக்கு விளங்கிற்று. பழைய வலைத்துண்டால் மீன்களை வாரி வாளியில் விட்டாள். தொட்டியைக் கழுவிப் புதுத்தண்ணீர் பிடித்தாள். ஒரு நாள்தானே.

விடிய வந்து பார்த்தால் வாளி சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு கழுதை மூஞ்சி நனைய நின்றது. மணலில் ஒட்டிக் கிடந்த மீன்களில் எறும்பு.

அப்பவே பரிசோதகருக்கு ஒரு போன் கோல் எடுத்திருக்கலாம். "ஆரைக் கேட்டு வெளியில எடுத்தனீங்கள்?" என்று கேட்டுவிடுவாரே என்று கூச்சம். அவர் வரும்போது சொல்லுவம் என்று தொட்டியை மூடியைப் போட்டு மூடினாள். வெயிலில் வேகி வருகிறவர்கள் திறந்து அள்ளிக் குளித்துவிட்டு அப்படியே விட்டுப் போனார்கள். அவள் மூட, அவர்கள் திறக்க. தனக்காகத்தான் அவள் மீனைத் திருப்பி விடாமல் இருக்கிறாள் என்று அழகையா நினைத்துக்கொண்டார். "ஒங்க மனசு யாருக்கும்மா வரும்!" என்றார். அவளும் திருத்தவில்லை.

பரிசோதகர் வர முந்திக் காய்ச்சல் வந்தது. மேசன் நிதர்சன், கலியாணம் பேசி வைத்திருந்த பெடியன், பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது பிந்திவிட்டது.

செத்தவீட்டில் அழகையா அவள் பக்கத்தில் வந்து நின்றார். "மீனை எடுக்கச் சொன்னது நான்தானே தங்கச்சி. என் விரதம் ஒரு புள்ளையத் தின்னுருச்சு." அங்கே அத்தனை சனம் இருந்தது. அவளுக்கு வாய் வரவில்லை. மறுநாள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு முருங்கன் பஸ் ஏறிவிட்டார்.

தொட்டியில் இப்போது புது மீன்கள். இந்த வருசச் சிவராத்திரிக்குப் புதுச் சமையல்காரனும் வந்து அதையேதான் கேட்டான். மீனை அவள் தொடவில்லை. வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கான் தண்ணீரை மூடியோடு கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, முருங்கனுக்குப் போனாள்.

அழகையாவின் மனைவி பாலம்மா கதிரையை இழுத்துப் போட்டாள். "அவரு இப்ப வெரதமே புடிக்கிறதில்லீங்க. சாமி படத்துப் பக்கமே போறதில்ல."

பெற்றிசியா அழகையாவின் முகத்தைப் பாராமலே சொன்னாள். கழுதை, வாளி, எடுக்காத கோல். "விரதத்தால இல்லை அண்ணை. நீங்கள் கேட்டது ஒரு நாளுக்கு. மற்ற நாளெல்லாம் நான் மறைச்சது."

"கழுதையா?" என்றார் அழகையா. சிரிக்கப் போகிறவர்போல முகம் கோணியது. சிரிப்பு வரவில்லை.

"செத்த வீட்டுலயே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேம்மா."

"ஓம் அண்ணை."

பாலம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஆறும்வரை இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.