திராட்சைப் பந்தலில் தொங்கிய கும்மிப் பாட்டு

போன வாரம் தபால் ஆபீஸில் ஒரு போஸ்ட்கார்டை நீட்டி, வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே ஈமெயில் அனுப்புது, நீங்க கார்டு போடுறீக. யாரு சார், சொந்தக்காரகளா?"

"யாருன்னே தெரியாதும்மா..."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கதை முழுக்கச் சொல்லியிருப்பேன். பின்னால் க்யூ வேறு நின்றது. ஆகவே உங்களிடம் சொல்கிறேன்.

என் தங்கச்சி ஈஸ்வரியைக் கம்பத்துக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அந்த ஊர் முளைப்பாரித் திருவிழாவில் கும்மிப் பாட்டு என்றால் ஈஸ்வரிதான். அவள் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, மற்றப் பெண்கள் வாங்கிப் பாடுவார்கள். மைக் தேவைப்படாத தொண்டை. வாயும் கொஞ்சம் ஜாஸ்தி - பாட்டுக்கு நடுவிலேயே நாலு பேரை அதட்டிவிட்டு, தாளம் தப்பாமல் அடுத்த அடிக்கு வந்துவிடுவாள்.

இந்த வருஷம் அவளுக்கு மதுரையில் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போய்விட்டது. கூடவே குரலும் போய்விட்டது. வெறும் காற்றுதான் வந்தது. பேசப் பேசத்தான் குரல் திரும்பும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இவளோ வாயையே திறக்கவில்லை. அந்தக் காற்றுச் சத்தம் அடுத்தவர் காதில் விழுவதே அவளுக்கு அவமானமாக இருந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்றால்கூடக் கையைத்தான் காட்டுவாள்.

"டாக்டரு பேசச் சொன்னாக மச்சான், இவ கேக்க மாட்டேங்கிறா. என்னையத் திட்டவாச்சும் செய்யலாம்ல? வீடு வீடா இல்ல" என்றார் மாப்பிள்ளை செல்லப்பாண்டி.

திருவிழா நெருங்கியது. பாட்டு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை. ஆனால் போன வருஷம் ஈஸ்வரி பாடியதை வீடியோ கடைக்காரர் ஒருவர் பதிவு செய்து ஆடியோ சீடி போட்டுக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு சீடி. அதை எம்.பி.3 பிளேயரில் ஏற்றிக் கொடுத்தால், சாயங்காலம் ஊர் மந்தையில் வைத்துக் கேட்டே பழகிக்கொள்கிறோம் என்றார்கள் கும்மிப் பெண்கள். சொந்தத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். சீடியை வாங்கப் போனேன்.

சீடிகளை அடுக்கி வைத்திருந்த ஷோகேஸ் காலியாக இருந்தது.

திராட்சை பழுக்கும் சமயத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? பந்தலுக்கு மேலே வரிசையாகப் பழைய சீடிகள் ஆடிக்கொண்டிருக்கும். வெயிலில் அது மின்ன மின்ன, கிளியும் குருவியும் கிட்டே வராது. மாப்பிள்ளையும் அப்படித்தான் கட்டியிருக்கிறார் - வீட்டில் கிடந்த அத்தனை சீடிகளையும், பழசு எது பொக்கிஷம் எது என்று பார்க்காமல்!

"எல்லாம் ஒண்ணு போலத்தான மச்சான் மின்னுச்சு..." என்றார் பாவமாக.

குனிந்தபடியே பந்தலுக்கு அடியில் தேடினோம். ஈஸ்வரி எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். ஓரத்து வரிசையில் அவள்தான் கண்டுபிடித்தாள். கம்பியில் உரசி உரசி சீடியின் முதுகெல்லாம் கீறல். முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டுதான் தேனியில் இருக்கும் என் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

இனிமேல்தான் என் பாடு. சீடியை எம்.பி.3 ஆக்க இன்டர்நெட்டில் இலவச சாஃப்ட்வேர் என்று தேடினால் கொட்டுகிறது. முதலாவது, ஒவ்வொரு பாட்டிலும் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, மீதிக்குப் பணம் கட்டச் சொன்னது. அடப்பாவி, இலவசம் என்றுதானே போட்டிருந்தாய்? டவுன்லோடு மட்டும்தான் இலவசமாம்.

இரண்டாவது படுவேகம். கீறல் இருந்த இடத்திலெல்லாம் 'கிர்ர்' என்ற இரைச்சலை நிரப்பிவிட்டு, 'வெற்றிகரமாக முடிந்தது' என்று பெருமையடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு, என் கம்ப்யூட்டரில் கேட்காமலே நாலு விளம்பரப் பட்டைகளை ஒட்டிவிட்டுப் போயிற்று. அதைப் பிய்த்து எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது.

மூன்றாவது பார்க்கவே சகிக்காது. கலர் இல்லை, படம் இல்லை, சாம்பல் நிறத்தில் பொத்தான்கள் மட்டும். ஆனால் அதன் குணம் இருக்கிறதே... கீறல் வந்தால் நின்றுவிடும். அதே இடத்தைத் திரும்பப் படிக்கும். மறுபடியும் படிக்கும். ஒரே மாதிரி வரும்வரை விடாது. சாப்பிட்டுவிட்டு வந்தேன், ஒரு தூக்கம் போட்டேன், டீ குடித்தேன். அது இரண்டாவது பாட்டிலேயே நின்றுகொண்டிருந்தது. முடிந்ததும், "இந்த இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம்" என்று நேரத்தோடு காட்டியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் சாஃப்ட்வேர்! மனிதர்களிலேயே இப்படி எத்தனை பேர் தேறுவோம்?

போட்டுக் கேட்டேன். அங்கங்கே சின்னச் சின்ன இடறல்தான். மற்றபடி என் தங்கச்சி கணீரென்று பாடிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம்?

இந்த சாஃப்ட்வேரை எழுதியவர் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிறார். காசு கேட்கவில்லை. 'உபயோகமாக இருந்தால் ஒரு போஸ்ட்கார்டு அனுப்புங்கள்' என்று ஒரு மூலையில் விலாசம் கொடுத்திருந்தார், அவ்வளவுதான். கும்மி என்றால் என்னவென்றே அறியாத அந்தப் புண்ணியவானை அன்றைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

பாட்டுகளைப் பிளேயரில் ஏற்றி, குட்டி ஸ்பீக்கரோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு பாட்டின் நடுவே ஈஸ்வரி யாரையோ அதட்டுவதும் பதிவாகியிருந்தது: "ஏலே, செருப்ப அங்கன விட்டுட்டு வாலே!" வேண்டுமானால் அதை வெட்டி எடுத்துவிடலாம் என்றேன். பெண்கள் விடவில்லை.

"இருக்கட்டும் மாமா. அத்தை பாட்டுன்னா அதுவும் சேத்திதான்."

திருவிழா அன்று சாயங்காலம் நானும் போயிருந்தேன். நடுவில் முளைப்பாரி, சுற்றிலும் கும்மி. ஈஸ்வரி ஓரமாக உட்கார்ந்து மடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுப் பழகியதைப் பெண்களே பாடினார்கள். அந்தப் பாட்டு வந்தது. அந்த அதட்டல் இடமும் வந்தது. சட்டென்று பாட்டு நின்றது. கைத்தட்டல் மட்டும் நிற்கவில்லை. எல்லாப் பெண்களும் ஈஸ்வரியையே பார்த்தபடி ஒரு சுற்று வந்தார்கள். அடுத்த அடிக்குப் போகவே இல்லை. இன்னொரு சுற்று வந்தார்கள்.

ஈஸ்வரி குனிந்துகொண்டாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"ஏலே... செருப்ப அங்கன விட்டுட்டு வாலே."

கரகரப்புதான். பாதி காற்றுதான். ஆனால் கூட்டத்தின் கடைசி வரிசைவரை கேட்டது. அங்கே நின்றிருந்த மாப்பிள்ளை செல்லப்பாண்டி அவசரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு, சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றார்.

போஸ்ட்கார்டில் பக்கம் பக்கமாகவா எழுத முடியும்? எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் இரண்டே வரிதான் எழுதினேன்.

'என் தங்கச்சி மறுபடியும் அதட்ட ஆரம்பித்துவிட்டாள். ரொம்ப நன்றி ஐயா.'