பல் கட்ட எத்தனை நாள் ஆகும்?

போன செவ்வாய்க்கிழமை அரக்கோணத்திலிருந்து ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் எங்கள் கடைக்கு வந்தார். தங்கைக்கு முகூர்த்தப் புடவை. அரக்கு உடல், பச்சை பார்டர். டியூப்லைட்டில் எந்தக் கலரும் உண்மை பேசாது, வெளியே வந்து பாருங்கள் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, நானே புடவையைத் தெருவுக்கு எடுத்துவந்து வெயிலில் விரித்துப் பிடித்தேன்.

அவர் புடவையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தார்.

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார் – இது கட்டின பல்லா, எத்தனை நாளில் கட்டினார்கள், தன்னையும் டாக்டர் கட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், ஒரு வாரத்தில் முடிந்துவிடும்தானே?

ஒரு வாரம்... நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். இருபத்திரண்டு வருஷமாகப் பட்டுக் கடையில் உட்கார்ந்து பேசிப் பேசியே காலம் தள்ளுகிறவன். அப்படிப்பட்ட வாயில் மேல் வரிசை மொத்தமும் ஆட ஆரம்பித்துவிட்டது. பல வருஷத்து வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதற்குமேல் ஈறில் சீழ் வைக்கும் பயோரியா. வைகாசி கருடசேவைக் கூட்டத்தில் நின்றபடி ஒரு வறுத்த கடலையைக் கடித்தேன். கடலை அப்படியே இருந்தது. பல்தான் கையோடு வந்தது.

பல் டாக்டர் ஒரு பெண். மெட்ராஸில் படித்துவிட்டு, ராஜ வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் புதிதாக நாற்காலி போட்டிருக்கிறார். என் மகள் வசந்தாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றுகூட நிற்காது, எல்லாவற்றையும் எடுத்துவிட்டு செட் வைத்துவிடலாம் என்றார். சரி, அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

சிரித்தார். அவருக்குப் பல் இருந்தது, சிரித்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். பல்லை மூன்று தடவையாக எடுக்க வேண்டும். அப்புறம் ஈறு ஆற வேண்டும். மேலே ஆறினால் போதாதாம், உள்ளே எலும்பு வற்றி ஒரு நிலைக்கு வரவேண்டுமாம். அதற்கே மூன்று மாதம். அவசரப்பட்டு இப்போதே அளவெடுத்தால் தை மாதத்தில் செட் வாய்க்குள் ஊஞ்சல் ஆடும். ஆறிய பிறகுதான் அளவு. அளவுக்குப் பிறகு மெழுகைக் கடித்துக் காட்ட வேண்டும், மெழுகிலேயே பல்லைப் பதித்து ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும், அதற்கும் அப்புறம்தான் அசல். ஆகமொத்தம் ஐப்பசி.

ஐப்பசியா? அதற்குள் எங்கள் ஊர்த் தறியில் மூன்று பாவு நெய்து இறக்கிவிடுவார்களே!

பல் பிடுங்குவது வலிக்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். வலி பெரிய விஷயமே இல்லை. ஊசி போட்டபிறகு சத்தம் மட்டும்தான் கேட்கும். மறுநாள் கன்னம் வீங்கும், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், கேழ்வரகுக் கூழும் குழைந்த சோறுமாகக் கொஞ்ச நாள் போகும்... கஷ்டம் அதில் இல்லை. எனக்குக் கஷ்டம் கண்ணாடியில் இருந்தது. முதலாளி நல்ல மனிதர், ஒன்றும் சொல்லாமல் என்னை உள்ளே புடவை மடிக்க உட்கார வைத்துவிட்டார். தெருவில் போகும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டு போனேன்.

இந்தச் சமயத்தில்தான் வசந்தாவுக்கு ஒரு வரன் வந்தது. வாலாஜாபாத்தில் அரிசி மில் வைத்திருப்பவரின் இரண்டாவது மகன். அப்பாவோடு மில்லைப் பார்த்துக்கொள்கிறான். ஜாதகம் பொருந்தியது. பையன் போட்டோவை வசந்தாவிடம் கொடுத்தோம். பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. போட்டோவைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. டீச்சர் டிரெயினிங் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். அதைவிட வேறு என்ன பதில் வேண்டும்?

ஆவணியில் பெண் பார்க்க வரலாமா என்று அவர்கள் கேட்டு அனுப்பினார்கள். சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் பொக்கை வாயோடு உட்காருவதா? கடையில் முகூர்த்த சீசன் என்று எழுதிப் போட்டேன். மறுபடி கேட்டார்கள். மனைவிக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். நான் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் காய்ச்சல்காரி வாசலில் ஆறு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை ‘சௌகரியப்படவில்லை’ என்று ஒரே வரி. மூன்று கடிதத்திலும் பல் என்ற பேச்சே கிடையாது.

புரட்டாசி நடுவில் ஒரு கார்டு வந்தது. பெண் வீட்டாருக்கு இஷ்டமில்லை போலிருக்கிறது, உத்திரமேரூரில் ஒரு இடம் வந்திருக்கிறது, ஐப்பசி முதல் ஞாயிறு வரலாமா வேண்டாமா என்று மட்டும் எழுதவும். என் மனைவி அதைச் சத்தமாகப் படித்தாள். உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. வசந்தா ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“அவங்க என்னைப் பாக்கத்தானப்பா வராங்க? நீங்க ஏன் ஒளிஞ்சிக்கினு இருக்கீங்க?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். பெற்ற பெண் முன்னால் அவ்வளவு வெட்கப்பட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

வரச் சொல்லிப் பதில் எழுதிவிட்டு டாக்டரிடம் ஓடினேன். அளவெல்லாம் அதற்குள் எடுத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை தருகிறேன், ஆனால் பழகுவதற்கு ஒரு மாதமாவது வேண்டும், இரண்டு நாளில் எதையும் எதிர்பார்க்காதீர்கள் என்றார். பிறகு சீப்பு மாதிரி வரிசையாகப் பல் பதித்த ஒரு பட்டையை எடுத்துக் காட்டினார். கலர் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.

“ஜன்னல்கிட்ட வாங்க சார், வெளிச்சத்துல பாத்துடலாம். உங்க கீழ்ப் பல்லுக்குக் கொஞ்சம் மஞ்சளா வெச்சாத்தான் சேரும்.”

யாரிடம்? இருபத்திரண்டு வருஷமாகக் கலர் பார்த்தே கண் தேய்ந்த என்னிடமா? உட்கார்ந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், தலைக்குமேல் எரிந்த டியூப்லைட் வெளிச்சத்திலேயே, இருப்பதிலேயே வெள்ளையான பல்லைத் தொட்டுக் காட்டினேன். நிச்சயம்தானா என்று இரண்டு தடவை கேட்டார். நிச்சயம் என்று இரண்டு தடவை தலையாட்டினேன்.

வெள்ளிக்கிழமை செட் வாய்க்குள் போனது. சோப்பு டப்பாவை வாய்க்குள் வைத்து மூடிய மாதிரி இருந்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. எதைத் தின்றாலும் ருசி தெரியவில்லை. பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்துப் பழகுங்கள், சின்னச் சின்னத் துண்டாக இரண்டு பக்கமும் மெல்லுங்கள், படுக்கும்போது கழற்றித் தண்ணீரில் போடுங்கள், உறுத்தினால் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். பகல் பதினோரு மணி வெயிலில் என் வீட்டு வாசலில் நின்று, மனைவியைக் கூப்பிட்டு, ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பல்லைக் காட்டிச் சிரித்தேன்.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள்.

“இன்னாங்க இது... உடல் வெள்ளை, பார்டர் அரக்கா?”

உள்ளே ஓடிப்போய்க் கண்ணாடியை எடுத்து வந்து வெயிலில் பார்த்தேன். மேலே வெளுத்த பட்டு. கீழே வெற்றிலைக் கறை. இருபத்திரண்டு வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன புத்திமதியை என் ஒரு வாய்க்குச் சொல்லிக்கொள்ள மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையன், அவன் அம்மா, மில்காரர். ஆள் பெரிய உருவம், பேச்சு கம்மி. வசந்தா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். நான் உதட்டைத் திறக்காமலே சிரித்துக்கொண்டிருந்தேன். மில்காரர் என்னையே பார்த்தார். தட்டைக் கீழே வைத்தார்.

“நேரா கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. ரெண்டு மாசமா இழுத்துக்கினே இருந்தீங்க. இஷ்டமில்லாதது உங்களுக்கா, பொண்ணுக்கா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். செட் சரிந்து கீழ்ப் பல்லில் ‘டக்’கென்று விழுந்தது. நாக்கால் தள்ளி ஏற்றினேன். மறுபடி டக். வார்த்தைக்குப் பதில் எச்சில்தான் வந்தது. கதவோரம் வசந்தா முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஒரு நிமிஷம் நான் பேசாமல் இருந்தால், அதுவே பதிலாகி, இவர்கள் எழுந்து உத்திரமேரூருக்குப் போய்விடுவார்கள். கைக்குட்டையை எடுத்தேன். செட்டைக் கழற்றி அதில் வைத்தேன்.

“யாருக்கும் இஷ்டமில்லாம இல்லீங்க. எனக்குப் பல் இல்ல. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கினு பொய் பொய்யா எழுதிட்டேன். எம்பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. மன்னிச்சிடுங்க.”

ஐந்து மாதம் பழகிய பொக்கை வாய், ஒரு வார்த்தை பிசகாமல் பேசியது.

மில்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து கைக்குட்டையில் இருந்ததைப் பார்த்தார், மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பார்க்கிற அதே கண்ணோடு.

“பாலிஷ் ரொம்ப ஜாஸ்திங்க” என்றார். “அரிசியா இருந்தா திருப்பி அனுப்பிடுவேன்.”

முதலில் சிரித்தது பையனின் அம்மா. அப்புறம் எல்லோரும். கதவோரத்திலிருந்தும் ஒரு சிரிப்பு கேட்டது. மில்காரர் கேசரித் தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, தையில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாமா என்று என் மனைவியிடம் கேட்டார்.

அவர்கள் போனபிறகு வசந்தா கைக்குட்டையை எடுத்துப் போய், செட்டைக் கழுவி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு என் பக்கத்தில் வைத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் இவ்வளவையும் தெருவிலேயே நின்று சொல்லி முடித்தேன். இப்போது தேங்காய்ச் சில்லுகூடக் கடிக்கிறேன், ஆனால் ஐந்து மாதம் ஆகும், அதற்குமேல் ஒரு மாதம் பழக வேண்டும், அவசரப்படாதீர்கள், கலரை மட்டும் ஜன்னல் ஓரத்தில் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் புடவையை வாங்கிக்கொண்டு போனார்.

இப்போதும் ஒவ்வொரு புடவையையும் வெயிலில் பார்க்கச் சொல்லி வெளியே அனுப்புகிறேன். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் மட்டும் டியூப்லைட்டுக்கு அடியிலேயே நின்றுகொள்கிறேன்.