தங்கைக்குக் காய்ச்சல் வந்த வாரம்

என் தங்கை விமானப் பணிப்பெண். ஆகியிருக்க வேண்டியவள் நான். பெங்களூரில் ஓர் ஓட்டலில் விமானக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று மைசூரிலிருந்து ரயிலேறியது நான். துணைக்கு வந்தவள் அவள். என் முன்கையில் குக்கர் ஆவி பட்ட தழும்பு. சீருடை போட்டால் வெளியே தெரியுமாம். என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு, அவளை உள்ளே கூப்பிட்டார்கள். அன்று பிடித்த வயிற்றெரிச்சல்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நான் மைசூரிலேயே தேவராஜ மொஹல்லாவில் ஒரு பல் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். அவள் ஊர் ஊராகப் பறந்து சாக்லேட் கொண்டு வருவாள். அதை நான் தொட்டதில்லை.

ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சம்பளத் தகராறு. ஸ்டிரைக் என்றால் முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால், எல்லோரும் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டார்களாம்.

"ஆட்டோ மாதிரிதான்க்கா. விமானத்தோட கதவு சாத்தினாத்தான் எங்களுக்கு மீட்டர் ஓடும். அதுவரைக்கும் சும்மா நின்னு சிரிக்கணும்" என்றாள்.

சிரிக்கவாவது உனக்கு ஓர் இடம் கிடைத்ததே என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்குத் தெரிந்த நம்பரை அணைத்துவிட்டு, வேறொரு நம்பரில், கூட வேலை பார்க்கும் தன் ரூம்மேட்டோடு நாள் முழுக்கக் குசுகுசுத்தாள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும். அவசரத்துக்குக் கூப்பிட என் நம்பரைக் கம்பெனியில் கொடுத்திருந்ததால், யார் கேட்டாலும் ஜுரம் என்று சொல்லச் சொன்னாள். சரி என்றேன்.

மறுநாள் மதியம் கிளினிக்குக்கு வந்த ஓர் அம்மா என்னை உற்றுப் பார்த்து, "நீங்க அந்த ஏர்ஹோஸ்டஸோட அக்காதானே?" என்றார். எனக்கென்று ஒரு பேர் இல்லையா? அந்தக் கடுப்பு அடங்குவதற்குள் போன் வந்தது. கம்பெனியிலிருந்து ஒரு பெண், தங்கை எப்படி இருக்கிறாள் என்று பரிவாக விசாரித்தார்.

"நல்லாத்தான் இருக்கா. மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருக்கா" என்றேன்.

சாயங்காலம் அவளை வேலையை விட்டு நீக்கி மெயில் வந்தது. நோய் என்று சொல்லிவிட்டுக் கடைவீதியில் சுற்றியதாக அதில் எழுதியிருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்கவில்லை.

நாலைந்து நாளில் பேச்சுவார்த்தை நடந்து, நீக்கியவர்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். சம்பளத்தைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்றார்களாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் கிளம்புகிற அன்று அவள் பெட்டியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மார்க்கெட்டில் எடுத்த போட்டோவை ரூம்மேட்டுக்கு மட்டும்தான் அனுப்பியிருந்தாளாம். அவள்தான் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும், இனிமேல் அவள் முகத்திலேயே விழிக்கப்போவதில்லை, வேறு ரூம் பார்த்தாகிவிட்டது என்றாள்.

"மார்க்கெட் போனது உனக்கும் தெரியும். ஆனா நீ சொல்லமாட்டே. இனிமே எனக்கு நீ மட்டும் போதும்க்கா."

என் தோளில் சாய்ந்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சாய்கிறாள். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் அந்தத் தோழி அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடுவாளே.