டாக்டரிடம் திணறிச் சொன்னது

நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூசுகிறவன் நான். பள்ளிக்கூடத்தோடு படிப்பும் நின்றுவிட்டது. இப்படிப்பட்டவன் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில் விளாங்குடிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். கொதிக்கிற சாயக் கொப்பரையின் விளிம்பில் நின்று, கழியில் மாட்டிய நூலை முக்கிப் புரட்ட வேண்டும். வேலையை வாங்கிக் கொடுத்தவர் என் மனைவியின் அண்ணன். அந்தக் கோடையில் இரண்டு தடவை அங்கே நினைவில்லாமல் விழுந்தேன். இரண்டு தடவையும் கொப்பரைக்கு எதிர்ப்பக்கமாக விழுந்திருக்கிறேன். யாரும் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நான் கொப்பரையை நெருங்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

டாக்டர் சரியென்று சொன்னால்தான் வேலை என்றார் முதலாளி. வலிப்பு என்று பெயர் வந்துவிட்டால் எந்தப் பட்டறையிலும் சேர்க்க மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் மச்சான் எனக்குப் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"காலைல சாப்பிடல, வெக்கை தாங்கல, தல சுத்திருச்சு. அம்புட்டுத்தான் மாப்ள. ஒங்களுக்கு வாயில்லன்னு ஊருக்கே தெரியும். இன்னைக்கு ஒருநா கிளியாட்டம் சொல்லிப்புடுங்க."

ஆஸ்பத்திரியிலும் அவரே ஆரம்பித்தார். டாக்டர் கையமர்த்தினார்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருங்கண்ணே. அவரு சொல்லட்டும்."

பாடத்தை ஒப்பித்தேன். தடங்கலே இல்லாமல் வந்தது. டாக்டர் பேனாவைத் திறக்கவில்லை.

"சரி. விழுறதுக்கு முன்னாடி உங்களுக்குள்ள என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். என் பேச்சுக்காக யாரும் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"வயித்துக்குள்ள இருந்து ஒண்ணு ஏறி வருங்கய்யா. ஏறி வருதுன்னும் சொல்ல முடியல. பயம் மாதிரி... பயமும் இல்ல. ஒரு வாடை. கருகுன வாடைன்னு வச்சுக்கங்க, ஆனா அது மூக்குல வரல..."

மச்சான் என் காலை மிதித்தார். என்னால் நிறுத்த முடியவில்லை. ஒரு சொல்லைச் சொல்லி, அது இல்லை என்று தள்ளி, வேறொன்றைத் தேடினேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்புறம்?"

"அப்புறம் தெரியலய்யா. அந்த நேரத்த மட்டும் வெட்டி எடுத்தாப்ல இருக்கு."

அப்போதுதான் பேனாவைத் திறந்தார்.

"இதச் சொல்ல நீங்க பட்ட பாட்டுலயே பாதி தெரிஞ்சுபோச்சு. வெறும் மயக்கம்னா இப்படித் தேடித் தேடிச் சொல்ல மாட்டாங்க. வலிப்பு மாதிரிதான் இருக்கு. மிச்சத்த டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோம். நாளையிலருந்து கொப்பரைப் பக்கம் போகக் கூடாது."

வெளியே வந்ததும் மச்சான் வெடித்தார். "கல்யாணத்தன்னைக்குக் கூட இம்புட்டுப் பேசலையே! இன்னைக்குத்தானா வாயி தொறக்கணும்?"

அந்த வாடை வருகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தபடியே பஸ்ஸில் வந்தேன்.

மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. முற்பகலில், கொப்பரை விளிம்பில் நின்றிருக்க வேண்டிய நேரத்தில், வீட்டில் நின்றுகொண்டிருந்தபோதே விழுந்தேன். முன்பல் ஒன்று உடைந்தது.