அம்மாவுக்கு வாங்கிய தேயிலை

எனக்கு ஒன்பது வயதில் மாமா என்னைச் சீனாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாண்டி பஜாரில் அவருக்குப் பொம்மைக் கடை. சரக்கு எடுக்கக் குவாங்சோவுக்கு அடிக்கடி போவார். அம்மா அப்போது அடையாறில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். "இவளையும் கூட்டிண்டு போடா. இங்க இருந்தா என் மூஞ்சியையே பாத்துண்டு நிக்கறா, தாங்கலை" என்று தம்பியிடம் அவள்தான் சொன்னாள். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். எங்கள் பள்ளிக்கூடத்தில் வேறு எவள் சீனா போயிருக்கிறாள்?

மயிலாப்பூர் வயிறுகள் இரண்டுக்கும் அந்த ஊர்த் தெருவில் சாப்பாடு தேடுவது பெரும்பாடாக இருந்தது. மாமா ஒவ்வொரு சட்டியையும் தள்ளி நின்று எட்டிப் பார்ப்பார். "வேண்டாம்டி, அதுக்குக் கால் இருக்கு" என்று என்னை இழுத்துக்கொண்டு நடப்பார். கடைசியில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஆவியில் வெந்த வெள்ளை பன்னும்தான் எங்களுக்கு வாய்த்தன. நான் வயிறு முட்டத் தின்றேன்.

ஒரு சாயங்காலம் தேயிலைக் கடை ஒன்றில் உட்கார்ந்தோம். அங்கே குடித்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கடைக்காரம்மா குட்டிக் கிண்ணத்தில் பாலில்லாத டீயை ஊற்றித் தந்தாள். மாமா எங்கள் வீட்டு வழக்கப்படி, உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். கொதிக்கிற டீ மூக்கிலும் சட்டையிலும் கொட்டியது. கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அப்போதுதான் போன் அடித்தது. மாமா வெளியே போய்ப் பேசினார். அம்மா போய்விட்டாள் என்ற செய்தி. வீடு வந்து சேரும்வரை அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பாவம், எந்த வாயால் சொல்வார்?

திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த ஊரில் போதுமென்றால் கிண்ணத்தில் டீயை மிச்சம் வைத்துவிட வேண்டும். காலியானால் மறுபடி ஊற்றுவார்கள். மாமா மிச்சம் வைக்கவே இல்லை. கடைக்காரம்மா ஊற்ற ஊற்றக் குடித்தார், அதுவும் உதட்டில் வைத்து.

"ஐயே, எச்சல் பண்றேளே மாமா! இருங்கோ, அம்மாகிட்ட சொல்றேன்!"

"சொல்லுடி" என்றார்.

"அம்மாவுக்கும் டீத்தூள் வாங்கலாம் மாமா. எது பிடிக்கும்?"

மாமா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்தார். என்னையும் முகரச் சொன்னார். மல்லிகை வாசம் அடித்ததை நான் காட்டினேன். "ஆமா, இதுதான் அவளுக்குப் பிடிக்கும்" என்று வாங்கினார். பேரம் பேசாமல் மாமா காசு கொடுத்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் காலையே கிளம்பிவிட்டோம். பொம்மைச் சந்தையைக் காட்டவே இல்லையே என்று விமானத்தில் நான் ஓவென்று அழுதேன். பக்கத்தில் மாமாவும் அழ ஆரம்பித்தார். எனக்குச் சந்தையைக் காட்ட முடியவில்லை என்றுதான் அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய மனசு பண்ணி, "போனாப் போறது மாமா, அடுத்த தடவை அம்மாவோட வரலாம்" என்று அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன்.