மின்சாரம் போகக் கூடாது என்று வேண்டினேன்

2023 நவம்பர் 21, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். திருவையாற்றில் விடிய விடியப் பெய்த மழை தூறலாக இறங்கியிருந்தது. கூடத்து டியூப்லைட்டின் கீழ் நான் அட்டைகளைத் தூக்கிப் பிடிக்க, என் மகள் உமா செல்போனால் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தாள். நாற்பதில் ஒன்பதைத்தான் போன் படித்தது.

"அப்பா, இத யாரு லேமினேட் பண்ணச் சொன்னா?"

"மழையில நனைஞ்சிடுமேன்னு..."

அவள் ஓர் அட்டையின் ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தாள்.

அடியார்களுக்கு விவரம் சொல்ல வேண்டும். உமாவுக்கு வயது முப்பத்து நான்கு. கணவரை இழந்தபின் என்னோடு இருந்து பி.எட். படித்தாள். எனக்கு எழுபத்து நான்கு. அஞ்சலகத்தில் வேலை பார்த்ததற்கு வரும் பென்ஷன் எனக்குப் பின் குறைந்துவிடும். அன்று பத்து மணிக்கு, அவள் பயிற்சிக்குப் போன அரசுப் பள்ளியில், தேர்வாளர் முன் பாடம் நடத்த வேண்டும். அதில் தேறினால் ஜூனில் வேலை தருவதாகத் தஞ்சாவூரில் ஒரு பள்ளியில் சொல்லியிருந்தார்கள்.

வகுப்புக்கு உதவும் என்று ஆன்லைனில் எத்தனையோ செயலிகளை அவள் தேடிப் பார்த்தாள். சோதிக்க நான்தான் மாணவன். எல்லாம் பிள்ளைக்கு ஒரு போன் கேட்டன. அவள் வகுப்பில் ஒருவரிடமும் இல்லை. கடைசியில் அகப்பட்டது இந்த அட்டை. கறுப்புக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டை ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்கும். பலகையில் எழுதிய நான்கு விடைகளில் தன் விடைக்குரிய பக்கம் மேலே வரும்படி திருப்பிக் காட்ட வேண்டும். ஆசிரியர் தன் போனை வகுப்பின் மீது ஒரு சுற்றுச் சுற்றினால், யார் என்ன விடை சொன்னார்கள் என்று வந்துவிடும்.

அந்த அட்டைகளுக்கு முதல் நாள் மாலை, அவளிடம் சொல்லாமல், பிளாஸ்டிக் உறை போட்டு வந்தவன் நான். பளபளப்பில் விளக்கு வெளிச்சம் தெறித்து, போனுக்குக் கட்டம் தெரியவில்லை. உறையைப் பிரித்தால் தாளும் கிழிந்தது. ஜெராக்ஸ் கடை திறப்பதும் பத்து மணிக்குத்தான்.

"ஒம்பது படிச்சுதில்ல? சாய்ச்சுப் புடிக்கச் சொல்றேன். அதுவும் வரலன்னா கையத் தூக்கச் சொல்லி எண்ணிக்கிறேன். எண்ணத்தான் நீங்க இருக்கீங்களே, கெளம்புங்க" என்றாள்.

அந்த ஒரு வாரமும் ஐயாறப்பரிடம் நான் வேண்டியது ஒன்றே: செவ்வாய்க்கிழமை கரண்ட் போகக் கூடாது, போகாவிட்டால் ஓர் அபிஷேகம். எங்கள் பக்கம் கரண்ட் போனால் சற்று நேரத்தில் செல்போன் கோபுரமும் போய்விடும்; நெட் இல்லாமல் போன் அட்டையைப் படிக்காது. ஆனால் அன்று பேருந்துக்குப் போகும்போது கோயில் கோபுர வாசலில் நின்று, "எனக்குக் கேக்கவே தெரியல. நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னேன்.

பள்ளியில் தலைமையாசிரியை எனக்கு வராந்தாவில் நாற்காலி போட்டார். மழை வலுத்து இருட்டிவிட்டதால் வகுப்பில் எல்லா விளக்கும் எரிந்தன. நெற்பயிர் உணவை எதனால் தயாரிக்கிறது என்று உமா கேட்டாள். அட்டைகள் உயர்ந்தன. போன் படித்தது பதினொன்று. சாய்த்துப் பிடிக்கச் சொன்னாள். பதின்மூன்று. தேர்வாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று. அதுவும் போய்விட்டதே என்று தலையில் கை வைத்தேன்.

"யாரும் அட்டைய எறக்காதீங்க" என்று உமாவின் குரல் கேட்டது. சற்று நேரம் மழைச் சத்தம்தான். பிறகு, "நாப்பதும் வந்துடுச்சு சார்."

விளக்கு அணைந்ததும் அட்டைகளின் பளபளப்பும் அணைந்துவிட்டது. சன்னல் வழியே வந்த மழை மூட்டத்து வெளிச்சம் போனுக்குப் போதுமானதாக இருந்தது.

தேர்வாளர் போனை வாங்கிப் பார்த்தார். முப்பத்தொரு பிள்ளைகள் யூரியா என்று காட்டியிருந்தார்கள். "எல்லாரும் ஒரக்கட வச்சிருக்கீங்களா?" என்றார்.

"எங்கப்பா அதத்தான் சார் போடுறாரு" என்றாள் ஒரு சிறுமி.

உமா அந்த இடத்திலிருந்தே தொடங்கி, வெயிலும் இலையும் செய்வதை மறுபடி விளக்கினாள். அடுத்த கேள்விக்கு முப்பத்தாறு சரியான விடைகள். "கையத் தூக்கச் சொல்லியிருந்தா முன் பெஞ்சு நாலு பேர மட்டும் பாத்துட்டுப் போயிருப்போம்மா" என்று தேர்வாளர் சொன்னது வராந்தா வரை கேட்டது. செல்போன் கோபுரம் ஓயும் முன்பே பாடம் முடிந்துவிட்டது.

உமா தேறினாள். ஜூனில் வேலையில் சேர்ந்தாள்.

முன்பெல்லாம் கடவுளுக்கு வேலையையும் சொல்லி, அதைச் செய்யும் முறையையும் சொல்லிக் கொடுப்பேன். இப்போது கஷ்டத்தை மட்டும் சொல்கிறேன். கவலை இன்னும் வருகிறது. ஆனால் தூக்கமும் வருகிறது. இதைப் படிக்கும் உங்களுக்கும் ஏதோ ஒரு பாரம் இருக்கும். அவனிடம் இறக்கி வையுங்கள். எப்படித் தீர்ப்பது என்பதை அவனுக்கே விட்டுவிடுங்கள்.

அபிஷேகத்துக்குப் பணம் எடுத்தபோது உமா சிரித்தாள். "கரண்ட் போவக் கூடாதுன்னுதானே வேண்டினீங்க? அதான் போயிடுச்சே. காசு மிச்சம்னு இருக்கலாமேப்பா."

நான் கேட்டுக்கொள்ளவில்லை. அபிஷேகம், லேமினேஷன், பேருந்து எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஆயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய்.